சிலிண்டரின் கசிவும் காற்றின் ஓட்டமும்

உள்ளெரி எஞ்சினின் ஆற்றல் முழுவதும் சிலிண்டர் என்னும் சிறிய அறையினுள் பிறக்கிறது. பிஸ்டனுக்கு மேலே அடைபட்டுள்ள வாயு வெளியேற வழியின்றி இருக்கும் வரையில், எரிதலால் எழும் அழுத்தம் பிஸ்டனை உந்தி வேலை செய்கிறது. வால்வுகள் தம் இருக்கைகளில் சரிவரப் பொருந்தாவிடினும், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிடினும், சிலிண்டரின் உடலுக்கும் தலைக்கும் இடையே உள்ள கேஸ்கெட் பழுதுறினும், அவ்வழுத்தத்தின் ஒரு பகுதி வீணாகிறது. எரிபொருட் செலவு கூடுகிறது, இழுவிசை குறைகிறது, சில வேளைகளில் எஞ்சினைக் கிளப்புவதே அரிதாகிவிடுகிறது.

இத்தகைய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் குறை வெளிப்படும் என்பது உண்மையே. ஆனால் ஓர் எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டுவதற்குப் பொருளும் காலமும் மிகுதியாக வேண்டும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினைத் தவறான ஐயத்தால் பிரிப்பது வீண் செலவு. பழுதுற்ற எஞ்சினைப் பிரிக்காமல் விட்டுவிடுவதோ, விமானத்தைப் பொறுத்தவரையில், உயிருக்கே ஊறு விளைவிக்கும். இவ்விரண்டு பிழைகளையும் தவிர்க்க உதவுவது சிலிண்டர்க் கசிவுச் சோதனைக் கருவி. இது கடைகளில் கிடைப்பதெனினும், தம் தொழிற்கூடத்திலேயே இதனைச் செய்துகொள்வோரும் உளர். செய்வது எளிது. அது காட்டும் எண்ணின் பொருளைச் சரிவர உணர்வதே சற்றுக் கடினம். அதற்கு அடிப்படையான இயற்பியலை இனி ஆராய்வோம்.

கருவியின் அமைப்பு

கருவியின் உறுப்புகள் சிலவே. கம்பிரஸரிலிருந்து வரும் காற்று முதலில் ஓர் அழுத்தச் சீராக்கியை அடைகிறது. சீராக்கியைக் கடந்த காற்றின் அழுத்தத்தை முதல் அழுத்தமானி காட்டும். அடுத்து, காற்று ஒரு சிறிய உலோகத் தடுப்பின் நடுவே துளைக்கப்பட்ட நுண்ணிய துளை வழியாகச் செல்ல வேண்டும். இதனை ‘அளவுத் துளை’ எனலாம். துளைக்கு அப்பால் இரண்டாம் அழுத்தமானி இருக்கும். அதன்பின் ஒரு ரப்பர்க் குழாய், ஸ்பார்க் பிளக் பொருந்தும் துளையில் திருகி இணைக்கப்படும். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை நீக்கிவிட்டு, அதன் உலோக உடலில் குழாய் இணைப்பைப் பொருத்தினால் இதற்கான முனை கிடைத்துவிடும். டீசல் எஞ்சினாயின், எரிபொருளைத் தெளிக்கும் முனை பொருந்தியிருந்த துளையைப் பயன்படுத்துவர்.

சிறிய விமான எஞ்சின்களைச் சோதிக்க அளவுத் துளையின் விட்டம் 0.040 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், என வகுக்கப்பட்டுள்ளது. பெரிய சிலிண்டர்களுக்கு 0.060 அங்குலத் துளை பயன்படும். முதல் மானியில் சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டு அழுத்தம் நிலைநிறுத்தப்படும். இது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5.6 கிலோகிராம் எடைக்கு நிகர். இரண்டாம் மானி 72 பவுண்டைக் காட்டினால், முடிவை ‘72/80’ என்று எழுதுவது விமானத் தொழிலில் வழக்கம். மோட்டார் வண்டித் தொழிலிலோ, பெரும்பாலும் 100 பவுண்டை நிலையாகக் கொண்டு, இரண்டாம் மானி 90 காட்டினால் ‘10 விழுக்காடு கசிவு’ என்று கூறுவர்.

இங்கேதான் ஒரு மயக்கம் எழுகிறது. 10 விழுக்காடு என்பது எதில் 10 விழுக்காடு? சிலிண்டரிலுள்ள காற்றில் பத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது என்பதன்று இதன் பொருள். எஞ்சினின் திறனில் பத்தில் ஒரு பங்கு இழக்கப்படுகிறது என்பதுமன்று. அந்த எண் உண்மையில் குறிப்பது, இரண்டு துளைகளுக்கிடையே ஏற்படும் ஒரு சமநிலையையே ஆகும்.

தொடராக அமைந்த இரண்டு துளைகள்

கருவியின் அளவுத் துளை ஒன்று. சிலிண்டரில் உள்ள கசிவு வழிகளையெல்லாம் சேர்த்துக் கருதினால் கிடைக்கும் சமானத் துளை மற்றொன்று. காற்று முதல் துளை வழியாகச் சிலிண்டருக்குள் நுழைகிறது. இரண்டாம் துளை வழியாக வெளியேறுகிறது. தொடக்கத்தில் நுழைவது மிகுதியாகவும் வெளியேறுவது குறைவாகவும் இருப்பதால் சிலிண்டரில் அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர உயர, நுழைவது குறைந்து வெளியேறுவது கூடுகிறது. இரண்டும் சமமாகும் நிலையில் மானியின் முள் அசையாமல் நிற்கிறது. கசிவே இல்லையெனில் ஓட்டமே இராது. ஓட்டம் இல்லாத இடத்தில் அழுத்த இழப்பும் இல்லை. ஆகவே இரு மானிகளும் ஒரே எண்ணைக் காட்டும்.

காற்றுக்குப் பதிலாக நீர் பாய்வதாகக் கொண்டால் கணக்கு எளிது. இரண்டு துளைகளும் ஒரே அளவினவாயின், ஒவ்வொன்றிலும் அழுத்த இழப்பு சமமாக இருக்கும். 80 பவுண்டில் பாதியான 40 பவுண்டையே இரண்டாம் மானி காட்டும். ஆனால் காற்று நீரைப் போன்றதன்று. அது அமுக்கத்தக்கது, விரியத்தக்கது. இவ்வேற்றுமை சோதனையின் முடிவைப் பெரிதும் மாற்றிவிடுகிறது.

ஒலியின் வேகம் இடும் வரம்பு

ஒரு கலத்திலுள்ள அழுத்தக் காற்று சிறு துளை வழியாக வெளியேறுவதாகக் கொள்வோம். வெளி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், துளை வழியே பாயும் காற்றின் அளவு முதலில் கூடும். ஆனால் ஓர் எல்லைக்குப் பின், வெளி அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பாயும் அளவு சிறிதும் கூடுவதில்லை. பிரெஞ்சு அறிஞர்களான செயின்ட் வெனான், வான்ட்சல் ஆகிய இருவரும் துளைகள் வழியே காற்றுப் பாய்வதைப் பற்றி 1839-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. இவ்வரம்பின் காரணத்தை ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார்.

காரணம் இதுவே: வெளியே அழுத்தம் குறைந்தது என்னும் ‘செய்தி’ காற்றின் ஊடே ஒலியின் வேகத்தில்தான் பரவ முடியும். துளையில் பாயும் காற்றே ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அந்தச் செய்தி ஓட்டத்தை எதிர்த்து உள்ளே செல்ல இயலாது. ஆகவே கலத்திலுள்ள காற்று வெளி மாற்றத்தை அறியாமல் ஒரே அளவில் பாய்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள காற்று இவ்வாறு விரியும்போது, துளையில் அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 29 டிகிரியாகத் தணியும். வேகம் வினாடிக்குச் சுமார் 313 மீட்டராகும். கசியும் சிலிண்டரிலிருந்து கேட்கும் சீறல் ஒலி, இத்தகைய விரைவான தாரைகள் அமைதியான காற்றுடன் மோதிக் கலங்குவதால் எழுவதாகும்.

காற்றைப் பொறுத்தவரையில், வெளி அழுத்தம் உள் அழுத்தத்தில் 0.528 பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருப்பின் ஓட்டம் இந்த வரம்பை எட்டிவிடும். இதனை மாறுநிலை விகிதம் என்பர். இங்கு ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். அழுத்தமானி காட்டுவது, வளிமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. விகிதம் காண்பதற்கு வளிமண்டலத்தின் 14.7 பவுண்டையும் சேர்த்த தனி அழுத்தத்தைக் கொள்ள வேண்டும். அதன்படி, மானியில் 80 பவுண்டு என்பது தனி அழுத்தத்தில் 94.7 பவுண்டு; 72 பவுண்டு என்பது 86.7 பவுண்டு.

இப்போது 72/80 என்னும் நிலையை நோக்குவோம். அளவுத் துளையின் இரு புறமும் உள்ள விகிதம் 86.7/94.7, அதாவது 0.92. இது 0.528-ஐ விட மிகுதி. ஆகவே அங்கு ஓட்டம் வரம்பை எட்டவில்லை. கசிவுத் துளையிலோ, விகிதம் 14.7/86.7, அதாவது 0.17. இது மாறுநிலை விகிதத்திற்கு மிகவும் கீழே உள்ளது. ஆகவே கசிவில் ஓட்டம் வரம்பை எட்டிவிட்டது. அவ்வழியே வெளியேறும் காற்றின் அளவு, கசிவின் பரப்பையும் சிலிண்டரின் தனி அழுத்தத்தையும் மட்டுமே பொறுத்திருக்கும். நீரைக் கொண்டு செய்த கணக்கு பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

எண்கள் கூறும் உண்மை

மேற்கண்ட விதிகளைக் கொண்டு, 80 பவுண்டு நிலையான அழுத்தத்திற்குக் கணக்கிட்டால் பின்வரும் முடிவுகள் கிடைக்கின்றன. கசிவின் பரப்பு அளவுத் துளையின் பரப்பில் எத்தனை பங்கு என்பது இங்கே தரப்பட்டுள்ளது.

76/80 — 0.43 பங்கு
72/80 — 0.63 பங்கு
62/80 — 1 பங்கு, அதாவது அளவுத் துளைக்குச் சமம்
40/80 — 1.72 பங்கு

முதல் மானிக்கும் இரண்டாம் மானிக்கும் வேறுபாடு 5 விழுக்காடாக இருக்கும்போதே, கசிவு அளவுத் துளையில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் இருப்பது இதனால் விளங்கும். வேறுபாடு இரு மடங்காகி 10 விழுக்காடாகும்போது, கசிவு இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்கே ஆகிறது. மானியின் எண்ணும் கசிவின் அளவும் ஒரே வீதத்தில் மாறுவதில்லை.

விமான எஞ்சின்களில், வெப்பமுற்ற நிலையில் சோதிக்கும்போது 60/80 என்பதற்குக் கீழே காட்டும் சிலிண்டர், உரிய திருத்த முறைகளாலும் சீராகாவிடின், கழற்றி ஆராயப்பட வேண்டும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் விதி. கணக்கின்படி நோக்கினால் இவ்விதியின் பொருள் எளிதாகப் புலனாகும். 1 மில்லிமீட்டர் அளவுத் துளையைக் கொண்ட கருவியில், அந்த எண் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளைக்கு நிகரான கசிவையே குறிக்கிறது.

அளவுத் துளையை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். 0.040 அங்குலத் துளையில் 62/80 காட்டும் அதே கசிவு, 0.060 அங்குலத் துளையுள்ள கருவியில் ஏறத்தாழ 76/80 காட்டும். சிலிண்டர் மாறவில்லை, கசிவு மாறவில்லை, கருவி மட்டுமே மாறியிருக்கிறது. எனவே அளவுத் துளையின் விட்டத்தைக் குறிப்பிடாமல் கூறப்படும் கசிவு விழுக்காட்டிற்குப் பொருள் இல்லை எனலாம். ஒரு கருவியில் கண்ட எண்ணை வேறொரு கருவிக்குரிய அட்டவணையுடன் ஒப்பிட்டு எஞ்சினைப் பிரிக்கத் துணிவது தவறு.

தாமே செய்த கருவியைச் சரிபார்த்தல்

தொழிற்கூடத்தில் செய்யும் கருவியில் பிழை நேரக்கூடிய இடம் அளவுத் துளையே. துளையின் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.1 மில்லிமீட்டர்த் துளை அமைந்துவிட்டால், பரப்பு 21 விழுக்காடு கூடும். 62 காட்ட வேண்டிய மானி 67 காட்டும். துளையின் நீளமும், அதன் வாய் கூர்மையாக உள்ளதா சரிவாக உள்ளதா என்பதும்கூட ஓட்டத்தை மாற்றும். விமானத் தொழிலில் துளையின் நீளம் 0.250 அங்குலம் என்றும், நுழைவாயின் சரிவு 60 டிகிரி என்றும் வரையறுத்திருப்பது இதனாலேயே.

ஆயினும், மூன்று எளிய சோதனைகளால் கருவியின் நம்பகத்தன்மையை அறியலாம். முதலாவதாக, குழாயின் முனையை முற்றிலும் அடைத்துக் காற்றைச் செலுத்த வேண்டும். இரு மானிகளும் ஒன்றுபோலக் காட்டுதல் வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் எழலாகாது. இரண்டாவதாக, முனையை முற்றிலும் திறந்துவிட வேண்டும். இரண்டாம் மானி சுழியத்தை நெருங்கும். முதல் மானி 80 பவுண்டிலேயே நிற்க வேண்டும். அது இறங்கினால், சீராக்கியோ காற்றுக் குழாயோ போதிய காற்றைத் தர இயலவில்லை என்று கொள்ளலாம். 1 மில்லிமீட்டர்த் துளை இந்நிலையில் நிமிடத்திற்கு 50 முதல் 60 லிட்டர் வரை காற்றைக் கொள்ளும்.

மூன்றாவது சோதனையே மிகவும் பயனுள்ளது. அளவுத் துளையைப் போன்றே அதே துளைகருவியால் மற்றொரு மூடியிலும் துளையிட்டு, அதனைக் குழாயின் முனையில் பொருத்த வேண்டும். இரு துளைகளும் ஒத்திருப்பின், இரண்டாம் மானி 62 பவுண்டை ஒட்டி நிற்கும். அந்த இடத்தை மானியின் முகப்பில் குறித்துக்கொண்டால், அது அக்கருவிக்கே உரிய அளவுகோலாகிவிடும். விமான எஞ்சின்களை ஆக்குவோர் சிலர் ஒரு முதன்மைத் துளையைக் கொண்டு சோதனைக் கருவியைத் திருத்திக்கொள்ளுமாறு கூறுவதும் இதே அடிப்படையில்தான்.

சோதனையின்போது காக்க வேண்டிய எச்சரிக்கை

சோதனைக்கு முன் எஞ்சினை ஓட்டி வெப்பப்படுத்துதல் நன்று. வெப்பத்தால் உறுப்புகள் விரிந்து, ஓடும்போது இருக்கும் இடைவெளிகளை அடைகின்றன. எண்ணெய்ப் படலமும் வளையங்களைச் சூழ்ந்துகொள்கிறது. பின்னர், சோதிக்கப்படும் சிலிண்டரின் பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சிக்குக் கொணர வேண்டும். அந்நிலையில்தான் இரு வால்வுகளும் மூடியிருக்கும்.

75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் ஒன்றின் மேல் 80 பவுண்டு அழுத்தம் செலுத்தப்படின், அதன் மீது ஏறத்தாழ 250 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை அழுத்தும். பிஸ்டன் சரியாக உச்சியில் நிற்கும்போது, இணைப்புத் தண்டும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் அமைவதால், அவ்விசைக்குச் சுழற்றும் ஆற்றல் இல்லை. ஆனால் கிராங்கு சில டிகிரிகள் விலகிவிட்டாலும் நெம்புகோல் நீளம் ஏற்பட்டு, எஞ்சின் திடீரெனச் சுழன்றுவிடும். கிராங்கில் மாட்டிய திருகுசாவி கையைத் தாக்கக்கூடும். விமானத்திலோ, சுழலிதழ் உயிரையே பறிக்கக்கூடும். ஆதலின் முதலில் குறைந்த அழுத்தத்தையே செலுத்தி, உச்சி நிலையை உறுதிசெய்துகொண்ட பின்னரே, சிறிது சிறிதாக 80 பவுண்டிற்கு உயர்த்துதல் வேண்டும். சுழலிதழின் பாதையில் எவரும் நிற்றலாகாது.

கசிவின் இருப்பிடம்

கசிவின் அளவை மானி கூறும். அதன் இடத்தைச் செவி கூறும். கார்புரேட்டர் அல்லது காற்று வடிகட்டியின் பக்கம் சீறல் கேட்டால் உள்வால்வும், சைலன்சர்க் குழாயில் கேட்டால் வெளிவால்வும் சரியாக மூடவில்லை என்பது தெளிவு. எண்ணெய் ஊற்றும் வாயில் ஒலி எழுமாயின், காற்று பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்குகிறது. ரேடியேட்டரில் குமிழிகள் தோன்றினால் கேஸ்கெட்டையோ, சிலிண்டர்த் தலையில் வெடிப்பு உண்டா என்பதையோ ஆராய வேண்டும். அடுத்த சிலிண்டரின் பிளக் துளையில் காற்று வருமாயின், இரு சிலிண்டர்களுக்கும் இடைப்பட்ட கேஸ்கெட் பழுதுற்றிருக்கும்.

பிஸ்டன் வளையங்களின் வழியே சிறிது காற்று செல்வது குறையன்று. வெப்பத்தால் விரிவதற்கு இடம் தரும் பொருட்டு, வளையத்தின் இரு முனைகளுக்குமிடையே ஒரு சிறு இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. ஆகவே முற்றிலும் கசியாத சிலிண்டரை எதிர்பார்த்தல் பொருந்தாது. வால்வின் வழியே எழும் கசிவு இத்தகையதன்று. நன்றாகப் பொருந்திய வால்வு ஏறக்குறைய கசிவின்றி மூடும். எனவே மானி ஒரே எண்ணைக் காட்டினும், வளையத்தின் வழியே எழும் கசிவைவிட வால்வின் வழியே எழும் கசிவு மிகுந்த கவனத்திற்குரியது. வெளிவால்வு கசியுமாயின், வெப்பமான வாயு அவ்விடத்தையே அரித்து வால்வை எரித்துவிடும்.

ஓடும் எஞ்சினும் நிற்கும் எஞ்சினும்

இச்சோதனை நிற்கும் எஞ்சினில் நடைபெறுவதாகும். ஓடும் எஞ்சினில் நிலைமை வேறு. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு வீச்சு நிகழ 0.01 வினாடியே ஆகிறது. சோதனையிலோ காற்று தங்குதடையின்றித் தொடர்ந்து கசிகிறது. அன்றியும், எரியும் வாயுவின் அழுத்தம் சோதனை அழுத்தத்தைப் போலப் பல மடங்காகும். அவ்வழுத்தம் வளையத்தின் பின்புறத்தில் நுழைந்து, அதனைச் சிலிண்டர்ச் சுவரின் மீது இறுக்கமாகப் பதிக்கிறது. ஆகவே சோதனையில் ஓரளவு கசியும் எஞ்சின், ஓட்டத்தில் செவ்வனே உழைக்கவும் கூடும்.

எஞ்சினைச் சுழற்றி அமுக்க அழுத்தத்தை அளக்கும் மற்றொரு சோதனையும் உண்டு. அது வளிமண்டல அழுத்தத்தைப் பொறுத்து மாறும். கடல்மட்டத்தில் 150 பவுண்டு காட்டும் எஞ்சின், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் 100 பவுண்டிற்கும் குறைவாகவே காட்டும்; எஞ்சினில் குறை எதுவும் இராது. கசிவுச் சோதனையில் காற்றின் அழுத்தம் சீராக்கியால் வரையறுக்கப்படுவதால், கடல்மட்டத்தில் 62 காட்டும் சிலிண்டர் லேயிலும் ஏறத்தாழ 63 காட்டும். மலைப்பகுதிகளில் இச்சோதனையின் சிறப்பு இதனால் விளங்கும்.

முடிவாகக் கூறின், இரண்டாம் மானியின் எண் எஞ்சினுக்கு மட்டும் உரியதன்று. பாதி எஞ்சினுக்கும் பாதி கருவிக்கும் உரியது. கருவியின் துளையை அறிந்து, ஒரே கருவியால், ஒரே வெப்பநிலையில், ஒரே எஞ்சினின் சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டும், முந்தைய சோதனைகளின் குறிப்புகளோடு ஒப்பிட்டும் பார்த்தல் வேண்டும். நான்கு சிலிண்டர்களில் மூன்று 74 காட்ட, ஒன்று மட்டும் 58 காட்டினால், அந்த ஒன்றே ஆராயத்தக்கது. சென்ற சோதனையில் 72 காட்டிய சிலிண்டர் இப்போது 64 காட்டினால், எங்கோ தேய்வு தொடங்கியுள்ளது. இம்முறையைக் கைக்கொள்வோருக்கு, ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கும் ஒரு மில்லிமீட்டர்த் துளையும் கொண்டு செய்த எளிய கருவியும் நம்பத்தகுந்த துணையாக அமையும்.